புறநகர்த் தெருவில் குப்பை ஏன் தேங்குகிறது? வண்டி நடையின் கணக்கு

2021 நவம்பர் 3 அன்று சென்னைப் புறநகரான தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், சிட்லபாக்கம், திருநீர்மலை என 5 பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. இப்போது 70 வார்டுகள், 5 மண்டலங்கள். அதற்கு முன்பே, 2019-இல், ஆவடியும் மாநகராட்சியாகிவிட்டது. சென்னை மாநகராட்சியோ 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது.

பெயர்ப்பலகை மாறியது, சொத்து வரி மாறியது. அப்புறமும் தெருமுனையில் குப்பை ஏன் கிடக்கிறது என்பதுதான் இந்தப் பகுதிகளில் குடியிருப்போரின் கேள்வி. பணியாளர்கள் வேலை செய்வதில்லை, மக்களுக்குப் பொறுப்பில்லை என்ற இரண்டு பதில்கள் உடனே வரும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முதன்மையான காரணம் எண்களில் இருக்கிறது: ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை நடை போக முடியும், ஒருவர் எத்தனை மீட்டர் பெருக்க முடியும், பில் எந்த அளவை வைத்துப் போடப்படுகிறது என்பவை. அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

துப்புரவு என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்

1. வீடுவீடாகக் குப்பை வாங்குவது. பேட்டரி வண்டி அல்லது தள்ளுவண்டி வரும். வாங்கியதைப் பெரிய வண்டிக்கு மாற்றும் இடம் குப்பை மாற்று நிலையம்.

2. தெரு பெருக்குவது. மண், சருகு, காகிதம், கடை வாசல் குப்பை. இது வீட்டுக் குப்பையோடு சேரக் கூடாது; மண் கலந்தால் உரம் தயாரிக்க உதவாது.

3. மழைநீர் வடிகாலில் தூர் வாருவது, கழிவுநீர் அகற்றுவது. பெரும்பாலும் பொறியியல் பிரிவின் கையில் இருக்கும். முதல் இரண்டும் பொது சுகாதாரப் பிரிவின் கீழ் வரும்.

மூன்றுக்கும் ஆட்கள் வேறு, நிதித் தலைப்பு வேறு, பெரும்பாலும் ஒப்பந்தக்காரரும் வேறு. தெருவில் நின்று பார்ப்பவருக்கு எல்லாமே ஒன்றுதான். "பெருக்க வந்தவர் என் வீட்டுக் குப்பையை வாங்கவில்லை" என்ற புகாரின் வேர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது. வாங்கினாலும் அவரிடம் அதைக் கொண்டுபோக வண்டி கிடையாது.

ஒரு வார்டுக்கு எத்தனை வண்டி?

ஒரு மாதிரி வார்டை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள் இவை. குறிப்பிட்ட எந்த வார்டையும் சுட்டுபவை அல்ல. 4,000 வீடுகள். வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ. மொத்தம் 7.2 டன்.

ஒரு பேட்டரி வண்டியில் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து 600 லிட்டர் கொள்ளும் என்று வைப்போம். அமுக்காத வீட்டுக் குப்பை ஒரு கனமீட்டருக்கு 350 கிலோ வரும் என்று கொண்டால், ஒரு நடைக்கு 210 கிலோ. அதாவது ஏறத்தாழ 117 வீடு. 7.2 டன்னை எடுக்க 34 அல்லது 35 நடை வேண்டும்.

அடுத்தது நேரம். வாசலில் நிறுத்தி, மணி அடித்து, வாங்கி, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனிப் பெட்டியில் போட்டு, அடுத்த வாசலுக்கு நகர 36 விநாடி ஆகிறது என்று கொள்வோம். 117 வீட்டுக்கு 70 நிமிடம். அதன்பின் மாற்று நிலையத்துக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். காலை 6.30 முதல் பகல் 1 வரை, இடைவேளை போக, கையில் இருப்பது 360 நிமிடம்.

- நிலையம் 1 கிலோமீட்டரில் இருந்தால்: போக வர 10 நிமிடம், இறக்க 10 நிமிடம். ஒரு நடைக்கு 90 நிமிடம். நாளுக்கு 4 நடை. வார்டுக்கு 9 வண்டி போதும்.

- நிலையம் 5 கிலோமீட்டரில் இருந்தால்: போக வர 50 நிமிடம், இறக்க 10. ஒரு நடைக்கு 130 நிமிடம். நாளுக்கு 2 நடைதான் முழுமையாக முடியும். வார்டுக்கு 17 அல்லது 18 வண்டி வேண்டும்.

குப்பையும் வீடுகளும் கூடவில்லை. பணியாளர் சோம்பியிருக்கவும் இல்லை. நிலையம் 4 கிலோமீட்டர் தள்ளிப் போனதால் மட்டுமே வண்டித் தேவை இரட்டிப்பாகிறது. வண்டியின் எண்ணிக்கை 9-ஆகவே இருந்தால் ஏறக்குறைய 2,100 வீடுகளைத்தான் எட்ட முடியும். மீதி 1,900 வீடுகளுக்கு அன்று வண்டி வராது. அந்த வீடுகளின் குப்பைதான் காலி மனையிலும் மின்மாற்றி அடியிலும் சேர்கிறது.

புறநகரில் இந்தத் தூரம் கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஊருக்கு வெளியே இருந்த பொட்டல் இடத்தில் குப்பையை இறக்கினார்கள். அந்த இடத்தைச் சுற்றி வீடுகள் வந்தன. துர்நாற்றம், ஈ, புகை. மக்கள் எதிர்த்தார்கள், எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நிலையம் மூடப்பட்டு அடுத்த எல்லைக்குத் தள்ளப்பட்டது. ஆனால் தள்ளிவைத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதல் வண்டிக்கான உத்தரவு சேர்ந்து வருவதில்லை.

பேட்டரி வண்டிக்கு இன்னொரு சிக்கல். பேட்டரி பழையதாக ஆக ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். காலையில் இரண்டு நடை நன்றாக ஓடிவிட்டு, மூன்றாவது நடையில் பாரத்தோடு மேட்டில் திணறி நிற்கும். இரவில் எல்லா வண்டிகளுக்கும் போதுமான சார்ஜ் பாயின்ட் இல்லாத டிப்போவில் சில வண்டிகள் பாதி சார்ஜோடு கிளம்பும். எனவே பதிவேட்டில் 10 வண்டி என்றால் தெருவில் 10 வண்டி என்று பொருளில்லை. பழுதுக்கு மாற்றாகப் பத்துக்கு ஒரு வண்டியாவது கையிருப்பில் இருக்க வேண்டும்.

தொட்டியை எடுத்ததும் வந்த புதிய குவியல்கள்

தெருத் தொட்டிகளை அகற்றிவிட்டு வீடுவீடாக வாங்கும் முறை சரியானது. தொட்டி இருக்கும் இடத்தில் குப்பை கலந்துதான் சேரும். மாடும் நாயும் கிளறும். அதிலிருந்து பொறுக்கிப் பிரிப்பது மனிதர் செய்யத்தக்க வேலையே அல்ல. ஆனால் வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் நிபந்தனை.

புறநகரில் அந்த நிபந்தனை பொருந்தாத வீடுகள் அதிகம். காலை 6.30 மணி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள், இரவுப் பணி முடித்துத் தூங்குபவர்கள், பேச்சிலர்கள் தங்கும் மேன்ஷன்கள், காலை 10-க்குத் திறந்து இரவு 10-க்குக் குப்பை போடும் கடைகள். இவர்களுக்கு மாலை அல்லது இரவுச் சுற்று இல்லையென்றால், தொட்டி இருந்த பழைய இடத்திலேயே பையைக் கட்டி வீசுவார்கள். அபராதப் பலகை வைத்தும் அந்த இடம் மாறாமல் இருப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாலைச் சுற்றுக்கு ஒரு வண்டியை ஒதுக்கிய தெருவில் குவியல் சுருங்கும்.

பெருக்குவதற்கு எத்தனை பேர்?

மத்திய அரசின் பொது சுகாதாரம் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் திடக்கழிவுக் கையேடு ஒரு அளவுகோல் தருகிறது. நெரிசல் மிகுந்த பகுதியில் ஒருவருக்கு 250 முதல் 350 மீட்டர். நடுத்தர நெரிசலில் 400 முதல் 600 மீட்டர். நெரிசல் குறைந்த இடத்தில் 650 முதல் 850 மீட்டர் சாலை நீளம்.

நம் மாதிரி வார்டில் 25 கிலோமீட்டர் சாலை என்போம். கடைவீதி 3 கிலோமீட்டர்: ஒருவருக்கு 300 மீட்டர் வீதம் 10 பேர். பேருந்து போகும் சாலை 6 கிலோமீட்டர்: 500 மீட்டர் வீதம் 12 பேர். உட்தெருக்கள் 16 கிலோமீட்டர்: 750 மீட்டர் வீதம் 21 பேர். மொத்தம் 43. இவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு. ஆகவே சம்பளப் பட்டியலில் 50 பேர் இருந்தால்தான் தினமும் 43 பேர் தெருவில் இருப்பார்கள். உட்தெருவை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பெருக்குவது என்று முடிவுசெய்தால் தினத் தேவை 29-ஆகக் குறையும். அது தவறான முடிவல்ல. எந்தெந்த நாள் என்பதைத் தெருவாரியாக அறிவிக்காமல் விடுவதுதான் தவறு. அறிவித்துவிட்டால் வராத நாளையும் வர வேண்டிய நாளையும் மக்களால் பிரித்துப் பார்க்க முடியும்.

இதில் பழைய சுமை ஒன்று உண்டு. பேரூராட்சியாக இருந்த காலத்து மக்கள்தொகையை வைத்து நிர்ணயித்த பணியிடங்களோடுதான் பல பகுதிகள் மாநகராட்சிக்குள் வந்தன. வீடுகள் பெருகின, புதிய நகர்கள் வந்தன. பணியிடம் அப்படியே நின்றது. ஓய்வுபெற்றவரின் இடமும் நிரப்பப்படாமல் போனது. அந்த இடைவெளியில்தான் ஒப்பந்த முறை நுழைந்தது.

சாலையின் அமைப்பும் பெருக்கும் வேலையைப் பாதிக்கிறது. புறநகர்ச் சாலைகள் பலவற்றில் தார் முடியும் இடத்தில் மண் தொடங்குகிறது, ஓரக்கல் கிடையாது. ஒவ்வொரு லாரியும் அந்த மண்ணைத் தாருக்கு இழுத்துவரும். காலையில் பெருக்கியது மதியத்துக்குள் திரும்பிவிடும். குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டிவிட்டு மேலே மண்ணை மட்டும் தள்ளி மூடிய சாலைகளில் இது இன்னும் மோசம். இங்கே கூடுதல் ஆள் போடுவதைவிட ஓரத்துக்குக் கல் பதிப்பது மலிவு.

இயந்திரப் பெருக்கி வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் அடிக்கடி எழுகிறது. அந்த இயந்திரத்தின் வட்டத் துடைப்பம் ஓரக்கல்லை ஒட்டி ஓடி மண்ணை நடுவுக்குத் தள்ள, உள்ளே இருக்கும் உறிஞ்சி இழுத்துக்கொள்கிறது. ஓரக்கல், நிறுத்திய வாகனம் இல்லாத ஓரம், குழியில்லாத தளம், தூசி அடக்கத் தண்ணீர் ஆகிய நான்கும் வேண்டும். தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலும் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையிலும் இரவில் அது நன்றாக வேலை செய்யும். 20 அடி உட்தெருவில், இருபுறமும் இருசக்கர வாகனம் நிற்கும் இடத்தில், அதை ஓட்டுவது டீசல் செலவு மட்டுமே.

பெரிய சாலைகளில் உரிமைச் சிக்கலும் சேர்கிறது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓரக் கடைகளுக்குத் தொழில் உரிமம் தருவது மாநகராட்சி. சாலையின் எதிர்ப்புறம் வேறொரு உள்ளாட்சி. மேடவாக்கம், கோவிலம்பாக்கம், முடிச்சூர் போன்ற இடங்கள் அடுக்குமாடிகள் நிறைந்த பின்னும் பல ஆண்டுகள் ஊராட்சிகளாகவே நீடித்தவை. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களின் எண்ணிக்கையும் வண்டியும் கிராமத்துக்கான அளவில் இருக்கும். எல்லைக் கோட்டின் இருபுறத்துக் குப்பையும் கோட்டின் மேலேயே குவிவது இதனால்தான்.

வடிகாலில் போவது மழைநீர் மட்டும்தானா?

பாதாளச் சாக்கடை முழுமையாக எட்டாத பகுதிகளில் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. அதை 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி, சுத்திகரிப்பு நிலையத்தில் விட வேண்டும். அடுக்குமாடியில் தொட்டி சிறிதாகவும் குடும்பங்கள் அதிகமாகவும் இருந்தால் வாரக்கணக்கில் நிரம்பிவிடும். லாரிச் செலவைத் தவிர்க்க, இரவோடு இரவாக மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் அந்த வடிகால் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கிறது; மண் படிந்து இறுகுகிறது; கொசு பெருகுகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகவே தூர் வாருவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும். செய்யும் முறையில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே கொட்டி, தண்ணீர் வடியட்டும் என்று விடுகிறார்கள். ஓரிரு நாளுக்கு அது தேவையும்கூட. சொட்டும் சேற்றை லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் சிந்தும். ஆனால் வாருவதற்கு ஒரு பணி ஆணை, அள்ளிச் செல்வதற்கு வேறொன்று என்று இருந்தால், சேறு பத்து நாள் கிடக்கும். அதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் மறுபடி வடிகாலுக்குள். வாருவதையும் அள்ளுவதையும் ஒரே ஆணையில் சேர்த்து, அள்ளிய எடைக்குச் சீட்டு இருந்தால் மட்டுமே பணம் என்று வைப்பது இதற்கு நேரடியான தீர்வு.

2015 வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகள் மூழ்கின. அந்த வெள்ளத்தின் பெருங்காரணங்கள் ஆறு, ஏரி, மழை அளவு சார்ந்தவை. தெரு வடிகாலால் மட்டும் அதைத் தடுத்திருக்க முடியாது. சாதாரண மழையில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கோ வடிகால் வாயை அடைக்கும் மண்ணும் பிளாஸ்டிக் பையும் போதும்.

பாதுகாப்பு உபகரணங்கள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டு உரிமையாளர் "கொஞ்சம் இறங்கிப் பாருங்கள்" என்று சொல்வதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. உரிமம் பெற்ற லாரியை அதன் வழியே கேட்கலாம்.

பணம் எதற்குத் தரப்படுகிறது?

சென்னையில் குப்பை அள்ளுவது 2000-இல் முதன்முறையாகத் தனியாருக்குப் போனது. அப்போதிலிருந்து நடந்த விவாதம் பெரும்பாலும் தனியாரா அரசா என்பதைச் சுற்றியே. அதோடு ஒப்பந்தத்தின் அளவு அலகையும் கவனிக்க வேண்டும்.

டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், ஒப்பந்தக்காரருக்கு எடை கூடுவதே லாபம். ஈரமும் மண்ணும் கட்டட இடிபாடும் எடையைக் கூட்டும். பிரிப்பதும் வார்டிலேயே உரமாக்குவதும் எடையைக் குறைக்கும். அதாவது திடக்கழிவு விதிகள் எதைச் செய்யச் சொல்கின்றனவோ அதைச் செய்தால் வருமானம் போகும். ஆள்கணக்கில் கொடுத்தால், வருகைப் பதிவேடு நிரம்பும். தெரு சுத்தமானதா என்பது பதிவாகாது. எட்டிய வீடுகள், பிரித்து வந்த விகிதம், அகற்றிய குவியல்கள் என்று பல குறியீடுகளை வைத்துக் கொடுப்பது மேல். ஆனால் அவற்றை அளப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தால் அதுவும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பணியாளர் தரப்பையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன் பணியாளர்கள் 13 நாள் போராடி, 13-ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பும், வாங்கிவந்த ஊதியம் குறையாமல் இருப்பதும். அனுபவமுள்ள ஒருவருக்கு எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார், எந்தக் கடை கண்ணாடித் துண்டைப் பையில் கட்டும் என்பதெல்லாம் தெரியும். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் ஆட்களையும் மாற்றினால், இந்த அறிவு ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. கையுறை, காலணி, பெண்களுக்கு வார்டுக்குள் கழிப்பறை, குடிநீர் இவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. தெருவில் போய்ச் சரிபார்க்கப்படுவதில்லை.

நான்கு வகைப் பிரிப்பு என்ன மாற்றும்?

2016 விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரல் 1-ஐ அமல் நாளாகக் கொண்ட 2026 திடக்கழிவு மேலாண்மை விதிகள் நான்காகச் சொல்கின்றன:

1. ஈரக் குப்பை: காய்கறித் தோல், சாதம், பூ, இறைச்சிக் கழிவு.

2. உலர் குப்பை: காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம்.

3. சானிட்டரி கழிவு: நாப்கின், டயப்பர். தனியே சுற்றித் தர வேண்டும். பணியாளரின் கை நேரடியாகப் படும் கழிவு இது. தனி வகையானது நியாயமே.

4. சிறப்புக் கவனக் கழிவு: மருந்து, பெயின்ட் டப்பா, பல்பு, வெப்பமானி.

வண்டியில் இரண்டே பிரிவு இருந்தால் வீட்டில் நான்காகப் பிரித்தது வாசலில் மறுபடி கலந்துவிடும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் பிரிப்பதை நிறுத்திவிடுவார். முதலில் வண்டிக்கு நான்கு பெட்டி, பிறகு வீட்டுக்கு அறிவுரை என்ற வரிசைதான் பயன் தரும்.

பிரித்த ஈரக் குப்பைக்கு இடமும் வேண்டும். நம் வார்டில் ஏறத்தாழ 4 டன் ஈரக் குப்பை என்றால், உரமாக 45 நாள் வைத்துக் கணக்கிட எந்நேரமும் 180 டன்னுக்கு நிகரான தொட்டி இடம் தேவை. கனமீட்டருக்கு 500 கிலோ என்று போட்டால் 360 கனமீட்டர். மக்கும்போது சுருங்குவதால் 270 கனமீட்டர் போதும் என்று கொள்ளலாம். 1 மீட்டர் ஆழத் தொட்டிகளில் 270 சதுர மீட்டர், நடைபாதையும் சலிக்கும் இடமும் சேர்த்து அதைப்போல் இரண்டு மடங்கு. வார்டிலேயே குப்பையை உரமாக்கும் நுண் உர மையங்களில் துர்நாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடம் போதாமல் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பி, வாரம் ஒருமுறை புரட்டாமல் விடும்போது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் காற்று புகாது. அழுகல் நாற்றம் தொடங்கும். மழைக்காலத்தில் கூரையும் காய்ந்த சருகும் இருந்தால் சமாளிக்கலாம். பெருக்கிய சருகை எரிக்காமல் தனியே மூட்டை கட்டிவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஈரக் குப்பை வார்டிலேயே நின்றுவிட்டால், குப்பையை அமுக்கி ஏற்றிச் செல்லும் காம்பாக்டர் லாரிக்கும் நல்லது. கலந்த ஈரக் குப்பையை அமுக்கும்போது பிழியப்படும் கசிவுநீர், அடியிலுள்ள தொட்டியில் சேர வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டாலோ பின்கதவின் ரப்பர் பட்டை கிழிந்தாலோ அது சாலையில் ஒழுகும். லாரி போன வழியில் இருசக்கர வாகனம் வழுக்கும். பட்டை மாற்றுவது சின்ன வேலை. வேலைக்கு லாரியை அரைநாள் நிறுத்த மாற்று லாரி இல்லாததுதான் தடை.

பகுதி சபையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2022 விதிகளின்படி வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் கூடும் பகுதி சபையும் அமைக்கப்படுகின்றன. "குப்பை அள்ளுவதில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "அள்ளச் சொல்கிறோம்" என்ற பதிலோடு முடியும். சுகாதார ஆய்வாளரின் பதிவேட்டில் விடை இருக்கும் கேள்விகளைக் கேட்பது பயன் தரும்:

1. நம் வார்டில் எத்தனை வீடு, எத்தனை வண்டி, நேற்று எத்தனை வண்டி ஓடியது?

2. குப்பை மாற்று நிலையம் எத்தனை கிலோமீட்டர்? ஒரு வண்டி நாளுக்கு எத்தனை நடை?

3. எந்தத் தெருவை எந்த நாளில் பெருக்க வேண்டும் என்ற பட்டியல் எங்கே ஒட்டப்பட்டுள்ளது?

4. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் அடுக்குமாடிகள், மண்டபங்கள், உணவகங்கள் எவை? தங்கள் ஈரக் குப்பையைத் தாமே கையாள வேண்டியவர்கள் இவர்கள். இவர்களின் குப்பை வார்டு வண்டியில் ஏறினால் சிறு வீடுகளுக்கு இடம் போகிறது.

5. ஒப்பந்தத்தில் பணம் எந்த அளவுக்குத் தரப்படுகிறது, அதை அளப்பவர் யார்?

இரண்டாவது கேள்விக்கு வரும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நிலையம் 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால், புதிய ஆட்களோ புதிய வண்டிகளோ கேட்கும் முன், வார்டுக்கு அருகில் கூரையும் சிமென்ட் தளமும் கசிவுநீர்க் குழியும் உள்ள ஒரு சிறு மாற்றுமிடத்தைக் கேட்பது குறைந்த செலவில் கூடுதல் வீடுகளை எட்டும். அது யார் வீட்டுப் பக்கத்தில் என்ற கேள்வி உடனே எழும். அன்றைய குப்பையை அன்றே காலிசெய்து, தளத்தைத் தினமும் கழுவுவோம் என்று மாநகராட்சி எழுத்தில் தந்து, சில மாதம் நடத்திக் காட்டினால்தான் அந்தப் பேச்சு நகரும்.